எர்மெத்தேயின் உறையாத பால்

எர்மெத்தே குவால்திக்கு எதையும் லிட்டரில்தான் பேசத் தெரியும். மதுக்கடையில் யாராவது மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னால், "என் ரெஜினா நேத்து நாப்பத்தெட்டு லிட்டர்" என்பார். கண்காட்சியில் அந்தப் பசு வாங்கிய நீல ரிப்பனை டிராக்டரில் கட்டிக்கொண்டு தேவாலயத்துக்கே வருவார். பரிசு வாங்கியது பசுவா அவரா என்று சந்தேகம் வரும்.

இத்தாலியில் பார்மா நகருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் கூட்டுறவு சீஸ் பட்டறை. அங்கே இரண்டு வீட்டுப் பாலை ஒரு செப்புக் கொப்பரையில் ஊற்றுவது வழக்கம். எர்மெத்தேயின் கறுப்பு வெள்ளை மாடுகளின் பாலும், அடுத்த வீட்டு ஒரெஸ்தேயின் சிவப்பு மாடுகளின் பாலும் இருபது வருடமாக ஒன்றாகவே காய்ந்தன. சிவப்பு மாடுகள் கறப்பது குறைவு.

"ஏண்டா ஒரெஸ்தே, நீ வளக்குறது மாடா ஆடா?"

"ஆடுதான் அண்ணே. அதுங்களாவது பெருமை பேசாது."

பிப்ரவரியில் ஒரெஸ்தேக்கு முழங்கால் போனது. மாடுகளைத் தூர ஊருக்கு விற்றுவிட்டார். மறுநாளிலிருந்து கொப்பரையில் எர்மெத்தேயின் பால் மட்டும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைசாற்றை ஊற்றினால் பத்து நிமிடத்தில் பால் கட்டியாக வேண்டும். அரைமணி ஆகியும் அது கஞ்சி மாதிரியே கிடந்தது. ஒரே வாரத்தில் நான்கு கொப்பரைப் பால் பன்றிகளுக்குப் போனது.

இன்னொரு மனிதர் என்றால் தன் தொழுவத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பார். எர்மெத்தே நீவெஸைக் கைகாட்டினார். பதினோரு வருடமாகச் சீஸ் காய்ச்சுபவள் அவள். பட்டறைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைதான் அவள் வீடு. வேலை போனால் வீடும் போகும். ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் கூட்டத்தில் அவளை நீக்க வேண்டும் என்று எர்மெத்தே எழுதிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனி டம்ளரில் கொண்டுவரச் சொன்னாள் நீவெஸ்.

"என்ன அம்மிணி, வித்தை காட்டப் போறியா?"

"நீங்க கொண்டாங்க. காட்டுறது உங்க மாடு."

இருபது டம்ளர். ஒரே சூடு, ஒரே சாறு. உறுப்பினர்கள் சுற்றி நின்றார்கள். கால்மணி கழித்து அவள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். ஏழு டம்ளரில் பால் அசையாமல் நின்றது. மற்றவை தரையில் கொட்டின. ரெஜினாவின் பால் எர்மெத்தேயின் காலணிமேல் ஓடியது.

"பால்ல இருக்கற ஒரு புரதந்தான் சாறு பட்டதும் பாலைக் கட்டியாக்குது," என்றாள் நீவெஸ். "அது எந்த ரகம்னு மாடு பொறக்கும்போதே முடிவாயிடும். தாயும் காளையும் குடுக்கறது. உறையாத ரகமா இருந்தா யார் சாறு ஊத்தினாலும் இப்படித்தான். இத்தனை நாளும் ஒரெஸ்தே மாட்டுப் பால் உங்க பாலைத் தூக்கி நிறுத்திட்டு இருந்துது."

காளை விந்து வாங்கும் பட்டியலில் ஒவ்வொரு காளையின் பெயருக்கும் நேரே அந்த ரகத்தின் எழுத்து அச்சாகியிருக்கும். எர்மெத்தே முதல் கட்டத்தில் அதன் மகள்கள் கறக்கும் லிட்டரைப் பார்த்து விரல் வைப்பார். அதற்கு அடுத்த கட்டத்தை இருபது வருடத்தில் ஒருநாளும் படிக்கவில்லை. அதிகம் கறக்கிறது என்று ஒரே காளையின் வம்சத்தைத் தொழுவம் முழுக்கப் பெருக்கி வைத்திருந்தார்.

"டம்ளர் கழுவல," என்றார்.

"உங்க வீட்டு டம்ளருங்க."

இதற்குப் பிறகாவது மனுவைத் திரும்பப் பெறுவார் என்று நினைத்தோம். அவரிடம் அவ்வளவு எதிர்பார்த்தது எங்கள் தப்பு. ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். நீவெஸ் கதவருகே கைகட்டி நின்றாள். அவளை நீக்கச் சம்மதிப்பவர்கள் கைதூக்கலாம் என்றார் தலைவர். எர்மெத்தே தூக்கினார். பின்னால் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கையை இறக்கவே இல்லை.

"போதும் எர்மெத்தே, கையைக் கீழ போடு," என்றார் தலைவர். "எண்ணியாச்சு. ஒண்ணுதான்."