மூன்றாவது பெட்டி ஏன் விழுந்தது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ரயில் தடம்புரண்டது. ஒரே காலையில் பதினொரு முறை.

பயப்படாதீர்கள். பொம்மை ரயில்தான். ஆனால் பொம்மை என்று சொன்னால் சுந்தரேசனுக்குப் பிடிக்காது. 'மாடல்' என்று சொல்ல வேண்டும்.

சுந்தரேசன் என் நண்பன். வீடு பள்ளுருத்தியில். வேலை தேவராவில், ஒரு பல் லேபில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவன் பல் செய்து கொடுப்பான். இருவருக்குமே ஐம்பது தாண்டிவிட்டது. நான்கு வருடமாக ஞாயிறுதோறும் என் வீட்டு மாடியில், பன்னிரண்டு அடி ப்ளைவுட் பலகையின் மேல் ஒரு ரயில் பாதை கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், இரண்டு வளைவு. தண்டவாளம் அவன் பொறுப்பு. இன்ஜினும் பெட்டிகளும் என் பொறுப்பு. நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தோம்...

அன்று என் மனைவி மீராவின் அண்ணன் பாலக்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். பெருமையாக மாடிக்கு அழைத்துப் போனோம். ஐந்து பெட்டிகளோடு ரயில் ஜம்மென்று கிளம்பியது. பாலத்தைத் தாண்டியது. வளைவில், இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் ஜாயின்ட்டில், மூன்றாவது பெட்டி சாய்ந்தது. எடுத்து வைத்தோம். மறுபடி அதே இடம். அதே பெட்டி.

மைத்துனர் முதல் இரண்டு முறை அக்கறையோடு குனிந்து பார்த்தார். மூன்றாவது முறை போனை எடுத்துக்கொண்டார்.

ஜாயின்ட் சரியில்லை என்றேன் நான். பாதையில் மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடுகிறதே? பெட்டி சரியில்லை என்றான் சுந்தரேசன். மற்ற நான்கு பெட்டிகளும் அந்த ஜாயின்ட்டை ஒழுங்காகத் தாண்டுகின்றனவே?

கவனியுங்கள் — இரண்டு பேர் கையிலும் ஆதாரம் இருந்தது. ஆதாரம் இல்லாத சண்டை சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆதாரத்தோடு போடுகிற சண்டைதான் நீளும்.

பதினோராவது முறை விழுந்தபோது எனக்கு அவமானமாகிவிட்டது. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"பல்லு செய்யுற கையால தண்டவாளம் போட்டா இப்படித்தான் இருக்கும்."

சுந்தரேசன் என் மைத்துனரிடம் மட்டும் தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

போன் பண்ணச் சொன்னாள் மீரா. அவன் பண்ணட்டுமே என்றேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பெட்டியையாவது நீங்க ஒரு தடவை நோக்கினீங்களா?"

நியாயமாகப் பார்த்தால்... இல்லை. அன்று மாலையே உட்கார்ந்தேன். எடை குறைவோ என்று பெட்டிக்குள் இரண்டு இரும்பு நட்டுகளை வைத்து ஒட்டினேன். விழுந்தது. பெட்டியைத் திருப்பி மாட்டினேன். அப்போதும் விழுந்தது, ஆனால் முன்பக்கம் சாய்ந்தது இப்போது பின்பக்கம் சாய்ந்தது. அதாவது, கோளாறு பெட்டியோடு சேர்ந்தே திரும்பியிருக்கிறது!

இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி சரியா என்று பார்க்க ஒரு சின்னத் தகடு உண்டு. கேஜ் என்போம். வாங்கிய நாளிலிருந்து டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு அச்சில் ஒரு சக்கரம் லேசாக உள்ளே தள்ளியிருந்தது. நகத்தின் கனம்கூட இருக்காது. மெதுவாகத் திருகி வெளியே இழுத்தேன். ரயிலை ஓட்டினேன். இருபது சுற்று. ஒரு பெட்டிகூட அசையவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மனசு ஒரு கணக்குப் போட்டது. யார் பார்த்தார்கள்? மழைக்காலம், பலகை ஊறியிருந்தது, வெயில் வந்ததும் தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால்? இரண்டு நாள் இந்த யோசனையோடுதான் சுற்றினேன். என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை, பெட்டியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தேவராவுக்கு பஸ் ஏறினேன்.

லேபில் சுந்தரேசன் ஒரு பல்லை ராவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், உட்காரச் சொல்லி ஸ்டூலைக் காட்டினான், மறுபடி குனிந்துகொண்டான். ஒரு இழுப்பு ராவுவான். பல்லை ப்ளாஸ்டர் தாடையில் பொருத்துவான். நடுவில் நீலத் தாள் வைத்துக் கடிக்க விடுவான். எங்கே நீலம் ஒட்டுகிறதென்று லென்ஸில் பார்ப்பான். மறுபடி ஒரே ஒரு இழுப்பு. ஒரு முடி உயரம் கூடினாலும் அந்த ஆளால் சாப்பிட முடியாதாம். நான்கு வருடப் பழக்கத்தில் அவன் வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை. இந்தக் கையைத்தான் சொன்னேன்.

"சக்கரம்தான் சுந்தரேசா. உள்ள தள்ளியிருந்துச்சு. தப்பு என்னோடது. அன்னைக்குச் சொன்னதும் சொல்லியிருக்கக் கூடாது."

அவன் லென்ஸைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"தண்டவாளத்தைக் குற்றம் சொன்னதில எனக்கு விஷமம் இல்ல, ரவி. வேலையைச் சொன்னே பாரு... அதுதான்."

விஷமம் என்றால் எங்கள் ஊர்த் தமிழில் வருத்தம். துணியைப் பிரித்து, பெட்டியை அவன் முன்னால் வைத்தேன். சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தான். அப்புறம் அவன் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அந்த ஜாயின்ட் வெச்ச அன்னைக்கே எனக்கு ஒரு சம்சயம் உண்டு. விரல்ல லேசாத் தட்டிச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு விட்டுட்டேன். நாலு பெட்டி ஓடிச்சுல்ல... அதான் வாயைத் திறக்கல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கே வந்துவிட்டான். அதே கேஜில் தண்டவாள அளவுக்கும் ஒரு விளிம்பு உண்டு; அதை ஜாயின்ட்டில் வைத்தோம். தண்டவாளம் அந்த இடத்தில் லேசாக அகன்றிருந்தது. அகன்ற பாதை, ஒடுங்கிய சக்கரம் — இரண்டும் சந்திக்கிற இடத்தில் சக்கரம் உள்ளே நழுவி விழுந்திருக்கிறது. இரண்டில் ஒன்று சரியாக இருந்திருந்தாலும் ரயில் ஓடியிருக்கும். சுந்தரேசன் ஜாயின்ட்டைச் சூடாக்கிப் பிரித்தான், நான் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டேன், மறுபடி ஒட்டினான். அரைமணி நேர வேலை. அதைச் செய்ய எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

வீட்டிலும் ஆபீஸிலும் நாம் போடுகிற சண்டைகளில் எத்தனை இந்த ரகம்? என்னிடமும் கொஞ்சம், உன்னிடமும் கொஞ்சம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே குற்றமாகத் தெரியாது.

நேற்று ஒரு கூட்ஸ் வேகன் விழுந்தது. என் சக்கரமாகத்தான் இருக்கும் என்றேன். இல்லை, என் தண்டவாளம்தான் என்றான் சுந்தரேசன். நான் விடவில்லை, அவனும் விடவில்லை...

வேகன் இன்னும் கவிழ்ந்தேதான் கிடக்கிறது.