உங்க பிள்ளைய விடுவீங்களா?

ஓவியப் பாடத்தில் ஒரு வேடிக்கை உண்டு: ஃபெயிலானால் வீட்டில் திட்டுவார்கள், 'ஏ' கிரேடு வாங்கினால் பயப்படுவார்கள். நீங்களும் பள்ளிக்கூட நாளில் தூரிகையும் கையுமாகத் திரிந்தவர் என்றால் நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதல்ல. இதே கூத்து உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

எங்கள் வீடு புக்கிட் செலம்பா என்ற சிறிய ஊரில். பள்ளியின் கடைசி வருடமான படிவம் ஐந்தில் இருந்தபோது ஓவிய டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய பாரம் இரண்டு வாரமாக ஐஸ்பெட்டி மேல் கிடந்தது. அப்போதுதான் பள்ளியில் ஓவிய மாணவர்களை வேனில் ஏற்றி, படம் வரைந்தே பிழைக்கும் நான்கு பேரைப் பார்க்கக் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். லோரியில் சாமான் ஏற்றி இறக்கிவிட்டு வந்த அப்பா, இடுப்பைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து நிபந்தனை போட்டார்: "அவங்கள ஒன்னே ஒன்னு கேளு. உங்க பிள்ளைய இந்த வேலைக்கு விடுவீங்களான்னு. ஒருத்தர் ஆமான்னு சொல்லட்டும், அன்னிக்கே சைன் வைக்கிறேன்."

பெயர்ப்பலகை அண்ணன்

முதலில் குருண் ஊருக்குப் போனோம். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் கையால் பெயர் எழுதியவர் அந்த அண்ணன். இப்போது கணினியில் எழுத்தைத் தட்டி பேனர் அச்சடிக்கிறார். பழைய தூரிகைகள் ஒரு மைலோ டின்னில் காய்ந்து விறைத்துக் கிடந்தன. சுவரோரம் ஒரு முடிதிருத்தும் கடையின் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் கையால் எழுதிய கடைசிப் பலகையாம். கடையை மூடியவர் தூக்கிப் போட மனமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாராம்.

மற்றவர்கள் அச்சு இயந்திரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாக என் கேள்வியைக் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "என் மவன் ஏர்கோன் சர்வீஸ் படிக்கிறான் தங்கச்சி. நான் ஒருத்தன் கெட்டது போதாதாலா?"

தட்டை அழிக்கும் அக்கா

இரண்டாவது ஆள் அதே ஊரில் சாவு வீட்டுப் படம் செய்துகொடுக்கும் அக்கா. யாராவது இறந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் கையில் கிடைத்த படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பெரும்பாலும் ஏதோ கல்யாணத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் படமாக இருக்கும். அக்கா கணினியில் அந்தத் தட்டை அழிப்பார், தோளில் கிடக்கும் பக்கத்து ஆளின் கையை எடுப்பார், பட்டுச்சேலை கட்டி, பொட்டு வைப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீடு வந்து சேர்வதற்குள் படத்துக்குச் சட்டம் போட்டாக வேண்டும்.

எங்கள் எதிரிலேயே ஒரு பெரியவரின் மூடிய வாயில் லேசாகச் சிரிப்பை வரைந்துகொண்டிருந்தார். அவ்வளவு அழகான கை. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது, கேட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எம்பொண்ணு இந்த ரூமுக்குள்ளயே வர மாட்டா. அத விடு. உங்கப்பாவ இன்னிக்கே ஒரு நல்ல படம் எடுத்து வையிம்மா. அப்பாவுக்குன்னா எல்லாரும் ஐசியத்தான், அந்த அடையாள அட்டையத்தான் தூக்கிட்டு வராங்க."

யானில் ஒரே மலை

யான் என்ற ஊரில், பாக்சிக் என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு மலாய்க்காரப் பெரியவர் வயலையும் ஜெராய் மலையையும் வரைந்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறார். ஹோட்டல்காரர்களுக்கு மேகம் கூடாது, மனிதர்கள் கூடாது, வயல் எப்போதும் பச்சையாக இருக்க வேண்டும். நாங்கள் போன அன்று மழை மூட்டத்தில் மலையே தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பாமலே மலையை வரைந்து முடித்தார்.

அவர் மலாயில் சொன்ன பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்: "ஒருத்தன விட்டேன். இப்போ பினாங்குல மோட்டார்ல சாப்பாடு டெலிவரி பண்றான். இன்னொருத்தன விட மாட்டேன்."

நான் வைத்த கண்

மிச்சமிருந்தது ஒரே ஆள். திரும்பும் வழியில் ஒரு கோயிலில் கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓவியர் ஒருவர், இன்னும் பீடத்தில் ஏற்றாத முனீஸ்வரர் சிலைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு இடம் பூசிப் பாருங்கள் என்று தூரிகையைக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது மீசை.

முகம் வரைந்தால் கண்ணிலிருந்து தொடங்கு என்பது எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மீசையை முடித்து நிமிர்ந்தால் இரண்டு கண்ணும் வெள்ளையாக இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. வலது கண்ணுக்குக் கருவிழி வைத்துவிட்டேன். நல்ல நேரம் பார்த்து, திரை கட்டி, சாமி கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்த புத்தி அந்த நிமிடம் எங்கே போனதோ! கோயில் தலைவர் "யார் வீட்டுப் பிள்ள நீ?" என்று கத்தினார். எங்கள் டீச்சர் மலாய்க்காரர், எதற்கு இத்தனை கூச்சல் என்று புரியாமல் விழித்தார். ஓவியர்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சிலையின் முகத்தை மூடி, "பிரஷ்ஷ கொடுத்தவன் நான். தப்பு என்னோடது" என்று தலைவரை அனுப்பிவைத்தார்.

நான் அழுதுகொண்டே நின்றேன். அவர் வெள்ளை வர்ணத்தைக் கலக்கிவிட்டுத் துண்டை விலக்கி, அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். போன மானம் போனதுதான், கேட்டுவிடுவோம் என்று கேட்டேன். "என் மக இப்படி ஒரே இழுப்புல கண்ணு வச்சான்னா நான் ஏம்மா தடுக்கப் போறேன்? தாராளமா விடுவேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்ணை வெள்ளையால் மூடினார்.

அப்பா போய்ப் பார்த்தது

கடைசியில் ஒரு 'ஆமா' கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்றால் சாமி கண்ணில் கை வைத்ததையும் சொல்ல வேண்டும். அப்பா வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். அறை விழும் என்று தெரிந்தே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

நான் பாரத்தை எடுத்து மேசையில் விரித்து, பக்கத்தில் பேனாவையும் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றும்போது, அக்கா சொன்னது நினைவுக்கு வந்து போனில் ஒரு படம் எடுத்தேன். ஐசியில் இருக்கும் அதே முகம்தான் விழுந்தது. பரிகாரப் பூசைக்குத் தானே பொறுப்பு என்று கோயிலில் சொல்லிவிட்டு வந்திருந்தார். மேசைக்கு வந்து பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு அதை மூடி, பாரத்தின் மேலேயே மெதுவாக வைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவர் பயந்துபோயிருந்தார், அதுதான் இன்னும் வலிக்கிறது. "அந்த ஓவியரு நல்ல மனுசன்மா. நீ வச்ச கண்ணு நல்லாருந்துச்சின்னு எங்கிட்டயும் சொன்னாரு. ஆனா அவருக்குப் புள்ளயே கெடயாது. இல்லாத புள்ளய யாரு வேணும்னாலும் எந்த வேலைக்கும் விடலாம்."

இப்போது நான் குருணில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை விழுந்த கையுறைகளைப் பார்த்துப் பொறுக்கிப் போடுகிறேன். ஓவியம் படித்த கண் வீண்போகவில்லை என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.