கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

மனிதர் ரிமோட்டை அழுத்தித் தொடரை நிறுத்திவிட்டு சோபாவின் நுனிக்கு வந்தார். திரையில் விண்கலம் பாதி வெடித்த நிலையில் நின்றது. "அந்தக் கதவப் பாரு. வலதுபக்கமா தொறக்குது. இத்தனை வருஷமா இடதுபக்கம்தானே தொறந்துச்சு?" என்றார் பக்கத்திலிருந்த மகளிடம். ஒரு கிரகமே அழிந்துகொண்டிருக்கிறது, அவருக்குக் கதவு முக்கியம்.

அவருடைய தொழில், லிஃப்ட் பழுதுபார்ப்பது. பகலெல்லாம் நின்றுபோன பெட்டிகளை ஓடவைப்பவர், வீட்டுக்கு வந்தால் ஓடுகிற தொடரை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "ஏழாவது சீசனோடயே இது செத்துப்போச்சு" என்பார். இப்போது நடப்பது இருபத்திரண்டாவது. செத்த வீட்டுக்கு இத்தனை வருடம் விடாமல் துக்கம் விசாரிக்கப் போகிற மனிதர் வேறு எங்கும் கிடைக்கமாட்டார்.

அவருடைய பரம வைரி மருந்துக்கடைக்காரர். சீரழிவு நாலாவது சீசனிலேயே தொடங்கிவிட்டது என்பது அவர் கட்சி. மாத்திரை வாங்க வந்தவர்கள் தலைவலியோடு நிற்க, கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாதம் நடக்கும். ஒருவழியாக, இந்த சீசனைப் பார்ப்பதே இல்லை என்று இருவரும் கையடித்துச் சத்தியம் செய்தார்கள்.

மறுவாரம் மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். "நான் பாக்கல. ஆனா அந்த ராணிக்கு நீல ரத்தம் வெச்சது அநியாயம்."

"நானும்தான் பாக்கல. அது நீலம் இல்ல, பச்சை."

இருவர் சத்தியத்துக்கும் பழுதில்லை.

வினை வீட்டில்தான் வந்தது. கால் தரையில் எட்டாத வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மகள், கல்லூரிக்குப் போகிறவள், இந்தப் புது சீசன் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவர் விடுவாரா? காட்சிக்குக் காட்சி நிறுத்திப் பிழை காட்டினார். "அப்பா, நீங்க கதை பாக்கறீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அன்று முதல் அவளுக்குக் கைப்பேசியே திரை.

அதற்குப் பிறகும் அவர் நிறுத்தினார், குறை சொன்னார். "யார்கிட்ட சொல்றீங்க, செவுத்துகிட்டயா?" என்றாள் மனைவி. திட்டுவதில்கூட ருசி போய்விட்டது. தொடர் கெட்டதைத் தாங்கிக்கொண்டவருக்கு, பக்கத்து இருக்கை காலியானதைத் தாங்க முடியவில்லை.

சீசனின் கடைசி எபிசோட் அன்று மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"சேர்ந்து பாக்கலாமாம்மா?"

"ரிமோட் எங்கிட்ட இருக்கும்."

"சரி."

"வாயும் தொறக்கக் கூடாது."

அது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ரிமோட்டை நீட்டினார்.

அவள் கால்களை மடித்து, அவர் தோள்மேல் சாய்ந்துகொண்டாள். விண்கலம் வந்தது. கதவு திறந்தது, வலதுபக்கமாக. அவள் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவர் மூச்சு விடவில்லை. வலதுகைக் கட்டைவிரல் மட்டும் தன் முழங்காலையே இரண்டு முறை அழுத்திப் பார்த்தது.