மெழுகால் மூடிய பெட்டி

துறைமுகத்து வானொலிப் பட்டறையில் எனக்கும், கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் சக தொழில்நுட்பவியலாளருக்கும் ஒரே பதவி உயர்வில் கண். அதற்கான தேர்வுக்குப் பயிற்சியாக, இரு பக்கமும் இரண்டிரண்டு முனைகள் வைத்து மெழுகால் மூடிய பெட்டியொன்றை அவர் தந்தார்.

“உள்ளுக்கு வெறும் மின்தடைகள்தான். திறக்காமல் அளந்து கணக்கெடுங்கோ.”

என்னைக் குழப்ப உள்ளே வேறு ஏதோ மறைத்து வைத்துத் தருகிறார் என்று நினைத்தேன். இடப்பக்கத்தில் மின்கலத்தைப் பூட்டி, வலப்பக்க முனைகளைக் குறுக்கிணைத்து, அங்கே ஓடிய மின்னோட்டத்தை அளந்தேன். பிறகு பக்கங்களை மாற்றி அளந்தேன். தடைகள் மட்டுமென்றால் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தன. அப்போதும் மனம் ஆறவில்லை. மெழுகைச் சுரண்டித் திறந்தேன். மூன்று தடைகள்தான் இருந்தன.

மறுநாள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர், “அளந்தது காணாதோ?” என்று கேட்டார்.

“காணும், அளந்ததே போதும்,” என்றேன்.

“பிறகேன் உடைச்சனீங்கள்?”

அதன்பின் அவர் என்னோடு தேர்வைப் பற்றிக் கதைக்கவே இல்லை.