ஜெட் விமானத்தில் ஒரு ஜோசியர்

நான் கதை விடுகிறேன் என்று மூன்று வருடமாக என் மச்சான் கணேசன், பர்மிய மரியாதையோடு சொன்னால் ஊ கணேசன், யாங்கோனில் எங்கள் தாமுவே வட்டார டீக்கடையில் சொல்லிவருகிறார். அதற்கு முடிவு கட்டத்தான் நேற்று, செவ்வாய்க்கிழமை, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியினுக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு பழைய இரும்புக் கிடங்கில், நான்கு இன்ஜின் வைத்த அந்தக் கால ஜெட் விமானம் ஒன்றின் முன்பாகம் கிடக்கிறது. வியாழக்கிழமை அதை அறுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மச்சானையும் கையோடு கூட்டிக்கொண்டேன்.

வழக்கு இதுதான். பத்தொன்பது வயதில் மிங்கலாடோன் விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறம் துடைக்கும் வேலை பார்த்தேன். ஜெட் விமானங்கள் வரத் தொடங்கிய காலம். விமானிகளுக்குப் பின்னால் ஒருவர் தனி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். கூரையில் இருந்த துளை வழியாக நட்சத்திரம் பார்த்து, விமானம் எங்கே போகிறது என்று கணக்குப் போடுவது அவர் வேலை. நாங்கள் அவரை ‘பேதின் சயா’ என்போம். பர்மிய மொழியில் ஜோசியர் என்று பொருள். இங்கிலீஷ் பதவிப் பெயரெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்? அதை அப்படியே இந்த வலைப்பதிவில் எழுதினேன். கடை திறக்கவும் ஜோசியரிடம் நாள் கேட்கிற ஊர் இது. விமானத்தில் ஜோசியரை ஏற்றிக்கொண்டு நல்ல நேரம் பார்த்துப் பறந்தார்கள் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வார்த்தையை மாற்றிவிடுங்கள் என்றாள் மகள். நான் மாற்றவில்லை. டீக்கடைக்குப் போவதைத்தான் நிறுத்தினேன்.

காலை 6.40க்கு தாமுவேயில் டாக்சி ஏறினோம். டாக்சிக்காரர் முப்பத்தைந்தாயிரம் கியாட் கேட்டார், முப்பதுக்கு ஒப்புக்கொண்டார். தூரம் பதினெட்டு கிலோமீட்டர். பாகோ ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த பேருந்துகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. துளை இல்லாவிட்டால் அந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன் என்று பாலத்தின் மேல்தான் மச்சானுக்கு வாக்குக் கொடுத்தேன்.

“நல்லா யோசிச்சுக்க மச்சான். ஜோசியரு இன்னிக்கு நாள் சரியில்லன்னு சொல்லப்போறாரு” என்றார்.

7.45க்கு இறங்கினோம். கிடங்கின் உரிமையாளர் டோ மியா என்கிற பர்மியப் பெண்மணி. கொஞ்சம் தமிழ் பேசுகிறார். “உள்ள கைய கிழிச்சுக்காதீங்க ஊலே” என்று, பர்மியர் மாமாவை அழைப்பதுபோல் அழைத்து, ஏணியைக் காட்டினார்.

உள்ளே இருக்கைகள் கிழிந்திருந்தன, கருவிகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மேசை இருந்த இடத்தில் நான்கு ஆணிக்குழிகள் மட்டும். கூரை முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. துளை எங்கும் தெரியவில்லை.

“எங்க மச்சான் துளை? எலி தின்னுடுச்சா?”

என் கை எட்டவில்லை. துடைத்துப் பாருங்கள் என்றேன். மச்சான் நல்ல உயரம். இருக்கைச் சட்டத்தில் ஏறி, இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியின் முனையால் வேண்டாவெறுப்பாகத் தேய்த்தார். பால் டின் மூடி அளவில் ஒரு உலோக வளையம் தெரிந்தது. மேலும் தேய்த்தார். வளையத்தைச் சுற்றிச் சிறு கோடுகள், எண்கள். முப்பத்திரண்டு வருடம் துறைமுக லாஞ்சில் வேலை பார்த்தவர் அவர். விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். தொண்ணூறு, நூற்றெண்பது, இருநூற்றெழுபது.

“இது காம்பஸ் வட்டம்ல” என்றார். குரல் இறங்கியிருந்தது.

நடுவில் இருந்த மூடியை டோ மியாவிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி நெம்பினார். கட்டைவிரல் நுழையும் அளவில் வானம் தெரிந்தது.

இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். இடையில் எங்கும் இறங்காமல் சமுத்திரத்தைத் தாண்டிய விமானங்கள் அவை. நடுக்கடலில் வழி காட்ட விளக்கு இல்லை, விசாரிக்க ஊர் இல்லை. திசை ஒரு டிகிரி பிசகினால் அறுபது மைலுக்கு ஒரு மைல் விலகிவிடும். பயணிகள் சாப்பிட்டுத் தூங்குவார்கள். ஒரு மனிதர் இந்தத் துளையில் பார்க்கும் குழாய் ஒன்றைச் செருகி, ஒரு நட்சத்திரத்தை இரண்டு நிமிடம் விடாமல் பிடித்து, பென்சிலால் கணக்குப் போட்டு, இன்ன இடத்தில் இருக்கிறோம் என்பார். அதற்குள் விமானம் இருபது மைல் தாண்டியிருக்கும். அதையும் அவர் கணக்கில் சேர்க்கவேண்டும். இதையெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் நானே தேடிப் படித்தவன்தான். ஆனாலும் நேரில் பார்ப்பது வேறாக இருந்தது.

மச்சான் கீழே இறங்க வெகுநேரம் ஆயிற்று. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை.

“பகல்ல என்ன செய்வாங்க மச்சான்?”

மூன்று வருடத்தில் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. “சூரியன் இருக்குல்ல” என்றேன். தலையை ஆட்டினார். பதிவு நீங்காது.

வளையத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். மொத்தமாக விலை பேசிவிட்டதால் தர முடியாது என்றார் டோ மியா. நாளை காலை எட்டு மணிக்கு அறுக்கத் தொடங்குகிறார்கள். யாங்கோனில் இருப்பவர்கள் இன்று மாலை ஐந்துக்குள் போனால் பார்க்கலாம். தன்லியின் சந்தையில் விசாரித்தால் கிடங்கைக் காட்டுவார்கள். அனுமதி இலவசம். டார்ச்சும் கனமான செருப்பும் அவசியம். வெளியூர்க்காரர்கள், அந்தக் காலத்து ஜெட் விமானத்தை ஏதாவது அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருந்தால், விமானிகளின் இருக்கையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இரண்டடி பின்னால் வந்து அண்ணாந்து பாருங்கள்.