எசெங்குல் தானே தேர்ந்தெடுத்த துப்பாக்கி

அத்-பாஷி என்னும் மலையூரின் மாட்டு வைத்தியர் எசெங்குல் ஐம்பத்திரண்டு வயது வரை தானாக எதையும் தேர்ந்தெடுத்தவர் இல்லை. பெயரைத் தாத்தா வைத்தார். படிப்பைக் கல்லூரிக் குமாஸ்தா முடிவு செய்தார். பொறியியல் வரிசை நீளமாக இருக்கிறது, கால்நடை வரிசையில் நில் என்றார், எசெங்குல் நின்றார். கலிபாவைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான். குதிரைப் பந்தயத் திடலில் அவளே நேராக வந்து, "இன்னும் எத்தனை வருஷம் தூரத்துல நின்னே பாக்கறதா உத்தேசம்?" என்று கேட்டுவிட்டாள். ஏறிப் போகிற சாம்பல் குதிரைகூட மச்சான் சபிர் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. கடையில் இரண்டு வகைத் தேயிலை இருந்தால் போதும், மனிதர் வெறுங்கையோடு வீடு திரும்புவார்.

இதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. குதிரை நல்ல குதிரை. கலிபாவைப் பற்றிக் கேட்டால், "நானா தேடியிருந்தா இந்த மாதிரி கிடைச்சிருக்குமா?" என்பார், அதுவும் அவள் காதில் விழும்படி.

அந்த ஆகஸ்டில் இரண்டு காகிதங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று மலையாட்டு வேட்டை உரிமம். ஒன்பது வருஷம் குலுக்கலில் பெயர் போட்டு இப்போதுதான் விழுந்திருந்தது: ஒரே ஒரு கிடா, நவம்பர் முடிவதற்குள். மற்றது ரைபிள் வாங்கும் அனுமதி: ஒரே ஒரு ரைபிள். இரண்டையும் வாசித்துவிட்டு எசெங்குல் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கலிபாவுக்குக் காரணம் தெரியும்.

பத்து வருஷத்துக்கு முன் சபிரின் துப்பாக்கியைக் கைமாற்றாக வாங்கி, நாலு தடவை சுட்டுப் பழகிவிட்டுப் போய் ஒரு கிடாவைச் சுட்டார். குண்டு வயிற்றில் பட்டது. ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் பின்னால் நடந்தார். மூன்றாம் நாள் பனி விழுந்து தடத்தை மூடிவிட்டது. ஊரில் உள்ள மாடு, குதிரை, யாக் எருமைக்கெல்லாம் வலி தீர்க்கிறவர் ஓர் உயிரை வலியோடு மலையில் விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு யாருடைய துப்பாக்கியையும் அவர் தொடவில்லை. ஆனால் வருஷா வருஷம் பெயர் மட்டும் கொடுத்து வந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வேலையைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று மனதில் கிடந்தது.

"இந்தத் தடவை துப்பாக்கிய நானே பாத்து வாங்கறேன்," என்றார்.

கலிபா பிசைந்துகொண்டிருந்த மாவை விட்டுவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

செய்தி சபிருக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் காலையே வந்து நின்றார். சபிர் கலிபாவின் அண்ணன். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வந்து தங்கும் முகாமில் பன்னிரண்டு வருஷமாக வழிகாட்டி. ஆள் வாட்டசாட்டம், மனசு தங்கம், வாய் மட்டும் ஓயாத மில்.

"மாப்ள, மலைன்னா காத்து. காத்துன்னா மேக்னம். என்னோட முந்நூறு மேக்னம் இருக்கே, பெரிய தோட்டா போடறது, அது மாதிரி ஒண்ண வாங்கிப் போடு. எழுநூறு மீட்டர்லயே சோலிய முடிச்சிரலாம்."

"கொஞ்சம் பக்கத்துல போய்ச் சுட்டா என்ன மச்சான்?"

"பக்கத்துல போனா ஆடு உனக்கு டீ போட்டு வச்சிருக்குமா?"

இருவரும் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனார்கள். துப்பாக்கிக் கடையில் ஒரு சுவர் முழுக்க ரைபிள்கள். எல்லாம் ஒவ்வொரு சுடுதலுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற வகைதான். ஆனால் ஒன்று கனமாக இருந்தது, ஒன்று இறகாக இருந்தது, ஒன்றின் குழல் ஆளுயரம் நீண்டது, ஒன்றின் கட்டை பிளாஸ்டிக். சபிர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் போல ஒவ்வொன்றிலும் ஒரு நொட்டை கண்டுபிடித்தார். கடைசியில் நீண்ட குழல் மேக்னம் ஒன்றை இறக்கி எசெங்குல் கையில் திணித்தார்.

"இதுதான். கண்ண மூடிக்கிட்டு வாங்கு."

எசெங்குல் கண்ணை மூடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்," என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பும் வழி முழுக்க, ஏழு மணி நேரம், வேனில் இருந்த அத்தனை பேரிடமும் சபிர் தன் மாப்பிள்ளையின் கதையைச் சொன்னார். இறங்கும்போது ஓட்டுநர்கூட, "அண்ணே, மேக்னமே வாங்கிருங்க," என்றார்.

செப்டம்பர் போனது. எசெங்குல் நோட்டுப் புத்தகத்தில் எடை, குழல் நீளம், தோட்டா வகை என்று எழுதி எழுதி அடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கலிபா நோட்டைப் பிடுங்கி வைத்தாள்.

"எழுதுனது போதும். அண்ணன் துப்பாக்கிய வாங்கிட்டு வாங்க. சுட்டுப் பாக்காம எப்படித் தெரியும்?"

"அத மறுபடியும் தொடணுமா?"

"தொட்டுத்தான் ஆகணும்."

ஊருக்கு வெளியே பழைய கல்குவாரி. கலிபா ஒரு கம்பளத்தை விரித்துப் போட்டாள். இருநூறு மீட்டரில் ஓர் அட்டை. எசெங்குல் படுத்துச் சுட்டார். குண்டு அட்டைக்குக் கீழே மண்ணில். இன்னொன்று, அதுவும் கீழே. மூன்றாவது வலப்பக்கப் பாறையில். சுடுவதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அட்டையைத்தான் பார்ப்பார்கள். கலிபா அட்டையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க. இந்தத் தடவை நான் போட்டுத் தர்றேன்."

அவர் திரும்பிக் குதிரையைப் பார்த்தார். அவள் தோட்டாவைப் போட்டு போல்ட்டைத் தள்ளிக் கொடுத்தாள். எசெங்குல் மூச்சை அடக்கி, குறி பார்த்து, விசையை அழுத்தினார்.

டக் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. ஆனால் குழல் சடாரென்று தரையைப் பார்த்துக் குனிந்தது, தோள் முன்னால் பாய்ந்தது, இரண்டு கண்ணும் இறுக மூடின.

கலிபா ஏற்கெனவே சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாவை உள்ளே போட்டிருந்தாள்.

எசெங்குல் போல்ட்டைத் திறந்து அந்த வெற்றுத் தோட்டாவை எடுத்துப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முப்பது வருஷமாக அவர் பார்த்துவருகிற விஷயம்தானே இது. ஒரு யாக்குக்கு ஒருமுறை முரட்டுத்தனமாக ஊசி போட்டால் போதும், அடுத்த முறை ஊசி தோலைத் தொடும் முன்பே அது துள்ளும். சுடும்போது மேக்னம் தோளில் விடுகிற உதையை அவர் உடம்பு மறக்கவில்லை. உதை வரும் முன்பே துள்ளிவிடுகிறது. பத்து வருஷத்துக்கு முன் அந்தக் கிடாவின் வயிற்றில் குண்டு போனதும் இதனால்தான்.

"யாக்கு," என்றார். "நான் ஒரு யாக்கு, கலிபா."

"அது கல்யாணம் ஆன மறுநாளே தெரியும்," என்றாள் அவள்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கம்பளத்தில் புரண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பத்து வருஷத்துப் பாரம் அன்றைக்குப் பாதி இறங்கிற்று.

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் தனியாக பிஷ்கெக்குக்குப் போனார். இம்முறை சுவரைப் பார்த்துத் தடுமாறவில்லை. குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டே போயிருந்தார். கடைக்குள் வியர்த்து வழிந்தது. ஒவ்வொரு ரைபிளாக வாங்கி, கண்ணை மூடித் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்தார். குறிபார்க்கும் ஸ்கோப்புக்குள் வட்டம் முழுசாகத் தெரிந்தால் சரி, ஓரம் இருட்டடித்தால் கழுத்தை நீட்ட வேண்டும், வேண்டாம். கம்பளிக் கையுறையோடு போல்ட்டை இழுத்துத் தள்ளினார். அதோடு விடாமல் கடைக்குள்ளேயே மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்கி, மூச்சு வாங்க வாங்க மறுபடி தோளில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, உடம்புக்கு ஏதாவது..." என்று கடைக்காரர் இழுத்தார்.

"இது மலை. நீங்க கண்டுக்காதீங்க."

கடைசியில் மரக் கட்டை போட்ட ஒரு முந்நூற்றெட்டு ரக ரைபிளைக் கையில் எடுத்தார். குழல் நடுத்தரம். இறகு போன்றது இல்லை, அந்தக் கனமே உதையில் பாதியை வாங்கிக்கொள்ளும். தோட்டா மேக்னத்தைவிடச் சின்னது. முந்நூறு மீட்டர் வரை அதற்கு எந்தக் கிடாவும் தப்பாது. அதற்கு மேல் அவருக்கே அவர் மேல் நம்பிக்கை இல்லை. "இது," என்றார். சொன்னதும் பயந்து சுற்றுமுற்றும் பார்த்தார். மறுத்துப் பேச யாரும் இல்லை. கடைத்தெருவில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, தலைப்பிள்ளை பிறந்த அன்றைக்கு நடந்த மாதிரி நடந்தார்.

எங்கள் பக்கம் புதுப் பொருளைப் பார்க்க வருகிறவர் வெறுங்கையோடு வரக் கூடாது. ஒருவர் கையுறை கொண்டுவந்தார், ஒருவர் வெண்ணெய், ஒருவர் உயிருள்ள கோழி. கலிபா எண்ணெயில் பொரித்த மாவுருண்டையை மலையாகக் குவித்து வைத்து, வெற்றுத் தோட்டாக் கதையை ஒவ்வொரு வருகையாளருக்கும் புதிதாகச் சொன்னாள். எசெங்குல் தானே எழுந்து, குழல் எப்படிக் குனிந்தது என்று நடித்தும் காட்டினார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் சபிர்.

"மர்மோட் எலி அடிக்கவா மாப்ள வாங்கின? கெடா இத உன் கையிலேருந்து பிடுங்கிப் பல் குத்துமே."

"குத்தட்டும் மச்சான். அப்ப பக்கத்துல வரும்ல."

"மேக்னம் ஆம்பளைங்க சமாச்சாரம். எனக்கெல்லாம் கண்ணு சிமிட்டாது." சொல்லிவிட்டு சபிர் சட்டென்று தேநீர்க் கோப்பைக்குள் குனிந்துகொண்டார். அதைக் கவனித்தவள் கலிபா ஒருத்திதான்.

அக்டோபர் முழுக்க எசெங்குல் அதே குவாரியில் கிடந்தார். கலிபா பத்துக்கு ஒன்று வெற்றுத் தோட்டா போட்டாள், எப்போது என்று சொல்லமாட்டாள். முதல் வாரம் குழல் கொஞ்சம் குனிந்தது. மூன்றாம் வாரம் டக் என்ற சத்தத்துக்கு அது அசையவே இல்லை. கலிபா எழுந்து வந்து அவர் தொப்பியில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

நவம்பர் பதினெட்டாம் தேதி, மலையேறிய இரண்டாம் நாள் காலை, கிடாவைக் கண்டார். கொம்பு முதுகு வரை வளைந்த கிழக் கிடா, எதிர்ச் சரிவில் ஒற்றையாக மேய்ந்துகொண்டிருந்தது. அறுநூறு மீட்டர். சபிராக இருந்தால் இந்நேரம் படுத்திருப்பார். எசெங்குல் குதிரையைப் பாறை மறைவில் கட்டிவிட்டு, காற்று முகத்தில் அடிக்கும் பக்கமாகச் சுற்றி இறங்கினார். ஓடையில் முழங்கால் வரை நனைந்தார். கடைசி நூறு மீட்டரை வயிற்றால் கடந்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. பாறை மேல் பையை வைத்து, அதன் மேல் ரைபிளை வைத்தபோது இடையில் இருநூற்று எழுபது மீட்டர்தான்.

மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். கிடா பக்கவாட்டில் திரும்பியது. அந்தத் தோளுக்குப் பின்னால் நுரையீரல் எங்கே தொடங்குகிறது, இதயம் எங்கே இருக்கிறது என்பது எசெங்குலுக்கு வீட்டு அடுக்களை மாதிரி. இது வெற்றுத் தோட்டாவாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு விசையை அழுத்தினார்.

வெற்றுத் தோட்டா இல்லை. கண் திறந்தே இருந்தது. கிடா விழுவதை ஸ்கோப்புக்குள்ளேயே பார்த்தார். ஓரடி எடுத்து வைக்கவில்லை, ஒரு குரல் கொடுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து அதன் கழுத்தில் கையை வைத்தார். வலிக்க நேரம் இருந்திருக்காது. அவர் மனம்விட்டு அழுதார், நிம்மதியில். அழுதுகொண்டே சத்தமாகப் பாடவும் செய்தார்; அந்தக் குரலைக் கேட்க மலையில் ஆள் இல்லாததும் நல்லதுதான்.

மறுநாள் மதியம், கறியும் தோலும் கொம்பும் ஏற்றிய குதிரையை நடத்திக்கொண்டு ஊர்ப் பாலத்துக்கு வந்தபோது, எதிரே குதிரையில் சபிர். வேட்டையிலிருந்து வருகிறவனிடம் வழியில் எதிர்ப்பட்டு "ஷிரல்கா" என்று சொல்லிவிட்டால் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். அதிலும் எந்தத் துண்டு என்று சொல்வது கேட்பவன் உரிமை.

சபிர் கொம்பைப் பார்த்தார். தோலில், தோளுக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு ஓட்டையைப் பார்த்தார்.

"ஷிரல்கா, மாப்ள."

"சொல்லுங்க மச்சான். எது வேணும்?"

"தொடை... இல்ல, விலா. இரு, விலாவுல எலும்பு ஜாஸ்தி. தொடைன்னா வறண்டிருக்கும். முதுகு..." சபிர் தாடையைச் சொறிந்தார். உலகத்துக்கே தேர்ந்தெடுத்துக் கொடுத்த மனிதர் அன்று கறித்துண்டுக்கு முன்னால் திணறினார்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

சபிர் இறங்கினார். பாலத்தில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"கறி கெடக்கட்டும். நான் மூணு கெடாவ அப்படி விட்டுட்டு வந்திருக்கேன், மாப்ள. வயித்துல. யார்கிட்டயும் சொன்னதில்ல. நாளைக்குக் கலிபாவ அந்த வெத்துத் தோட்டாவ எடுத்துக்கிட்டுக் குவாரிக்கு வரச் சொல்லு. என் முகத்தையும் பாக்கட்டும். அப்புறம்... எனக்கு எந்தத் துப்பாக்கி சரிப்படும்னு நீ பாத்துச் சொல்லு."

எசெங்குல் குதிரையின் கயிற்றை விட்டார். மச்சானை இறுகக் கட்டிக்கொண்டார். குதிரைகள் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டிருந்தன. பிறகு எசெங்குல் கத்தியை எடுத்தார், கொழுப்புப் படிந்த பின்தொடை ஒன்றை முழுசாக அறுத்து சபிரின் சேணத்தில் கட்டினார். எது வேண்டும் என்று இரண்டாம் தடவை கேட்கவில்லை.