மறியலில் மாட்டிக்கொண்ட பேச்சுவார்த்தை

இந்தப் பிப்ரவரியில் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. கொழும்பிலிருந்து எங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்திருந்த நண்பர் நிரஞ்சன், கன்னியாகுமரி மாவட்டம்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தோளில் துணி போடும் உரிமைக்காகப் பெண்கள் போராடி வென்ற மண் என்று எங்கோ படித்திருக்கிறார். 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் ஜனாதிபதிக்கு எதிராகக் கூடிய கூட்டத்தில் அவரும் ஒருவர். எனக்கோ போராட்டம் என்றாலே போக்குவரத்து நெரிசல்தான் நினைவுக்கு வரும். நான் மீன் சாப்பிடத்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை நாகர்கோவிலில் இறங்கி, ரசவடையை ஒரு கை பார்த்துவிட்டு, முட்டம் கலங்கரை விளக்கமும் கடியப்பட்டணம் கடற்கரையும் பார்க்க ஆட்டோ பிடித்தோம். போக இருபது கிலோமீட்டர் இருக்கும். போய்வர ஆயிரம் ரூபாய்.

ஒன்பது மணி வாக்கில், கடற்கரைக்குப் பிரியும் ஒரு குறுகலான சாலையில் வண்டி நின்றது. குறுக்கே வரிசையாக அலுமினியச் சட்டிகள், அவற்றுக்குப் பின்னால் மீன் விற்கும் பெண்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிரஞ்சன் கல்யாண வீட்டைக் கண்டவர் போல இறங்கி நடந்தார்.

"விடமாட்டோம் கேட்டியளா. ஆம்புலன்சும் பள்ளிக்கூட வண்டியும் மட்டும்தான் போவும். கோயிலு முன்ன நின்னு பேசி வச்சது" என்றார் முன்வரிசையில் இருந்த மரியபுஷ்பம். ஐம்பது வயது இருக்கலாம். குரலுக்கு மைக்கே தேவையில்லை.

விஷயம் இதுதான். திங்கள்சந்தைக்குப் போகும் விடியற்காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்கு இலவசம், அதனால் வருமானம் இல்லை; கூட்டமும் இல்லை என்று காரணம். இப்போது மெயின் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர் சுமையோடு நடந்துபோய் வேறு பஸ் பிடிக்க வேண்டும்.

"நான் போய்ச் சேரும்போ சந்தை பாதி கழிஞ்சிரும். பத்து வருசமா நான் இருந்த எடத்துல இப்ப வேற ஒருத்தி இருக்கா. வாடிக்கைக்காரங்களும் அவகிட்டயே வாங்கத் தொடங்கியாச்சு. இன்னும் ஒரு மாசம் இப்பிடிப் போனா எனக்கு அங்க எடமே இல்ல" என்றார் மரியபுஷ்பம். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த எனக்குச் சற்று வெட்கமாகிவிட்டது.

சாயா வந்தது. மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் வந்தன. மறியலில் மாட்டியவர்களுக்கும் பந்தி உண்டாம்! நிரஞ்சன் தன் கதையைத் தொடங்கினார்.

"நாங்கள் சனாதிபதியையே நாட்டை விட்டு ஓட வைச்சனாங்கள் அக்கா."

"பொறவு? சாமானுக்க வெல கொறஞ்சுதா?"

"உடன குறையேல்லை. ஆனா கேள்வி கேக்கிற பயம் போயிட்டுது."

"எங்களுக்குப் பயமெல்லாம் இல்ல மக்கா. பஸ்ஸுதான் இல்ல."

பத்து மணிக்குப் பேச்சுவார்த்தைக்கு வருவதாகச் சொன்ன போக்குவரத்துக் கழக அதிகாரி பதினொன்றாகியும் வரவில்லை. "நம்மள மதிச்சாதான வருவான்" என்று கூட்டம் கொதித்தது. அப்போது ஓர் இளைஞரின் போன் அடித்தது. கேட்டவர் முகம் கோணி, ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் ஒன்பதேமுக்காலுக்கே வந்தாச்சு. ஒங்க மறியலுக்குள்ளதான், மெயின் ரோட்டுல நிக்கேன். முன்னால லாரி, பின்னால பஸ்ஸு."

சாலையே சிரித்தது. அதிகாரியின் ஜீப்பை மட்டும் எப்படியாவது விடலாமா என்று யாரோ கேட்டார்கள். "ஏலே, ஜீப்பு ஆம்புலன்சா?" என்றார் மரியபுஷ்பம். "நடந்து வரட்டும். நாங்க நடக்கியதுதான."

அதிகாரி நடந்தே வந்தார். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், உச்சி வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரும் கோஷம் போடவில்லை. ஒரு சட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரவைத்து, கஞ்சிவெள்ளம் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "இவ்வளவு தூரமா நடக்கிய?" என்றார்.

"நீரு வெறுங்கையோட வந்தீரு சாரே. எங்களுக்குத் தலையில சட்டி உண்டும்."

அதிகாரி எழுந்தார். தள்ளிப்போய் நின்று யார் யாருக்கோ போன் செய்தார், ஒருமுறை கத்தவும் செய்தார். கடைசியில் வந்து சொன்னார்: நாளையிலிருந்து ஒரு மாதத்துக்குப் பஸ் ஓடும், ஆள் ஏறினால் தொடரும், இல்லையென்றால் மறுபடியும் நிறுத்திவிடுவார்கள். எழுதியும் கொடுத்தார். கண்மூடித் திறப்பதற்குள் சாலை காலியாகிவிட்டது. ஆட்டோக்காரர் காத்திருந்ததற்கு இருநூறு கூடக் கேட்டார். நியாயம்தான், கொடுத்தோம்.

முட்டத்தில் கடல் அன்று பிரமாதமாக இருந்தது. ஆனால் நிரஞ்சனுக்கு மனம் அங்கே இல்லை. "பஸ் வருமா எண்டு பாக்க வேணும்" என்று நச்சரித்தார். ஆட்டோவை அனுப்பிவிட்டு, நாகர்கோவிலுக்குத் திரும்பாமல் முட்டத்திலேயே தங்கி, மறுநாள் விடிகிற நேரத்துக்கு மறியல் நடந்த ஊருக்குப் போனோம்.

பஸ் வந்தது. சட்டிகள் ஏறின, பெண்கள் ஏறினார்கள், மீன் வாடையும் ஏறியது. இலவசச் சீட்டுகளைக் கிழித்துக் கிழித்துக் கை ஓய்ந்த நடத்துநரிடம் காசு கொடுத்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

"கொழும்பில நாங்கள் அடுத்த நாள் வீட்டுக்குப் போயிட்டம்" என்று மெதுவாகச் சொன்னார் நிரஞ்சன். "இவையள் அடுத்த நாள் பஸ்ஸுக்கு வந்திட்டினம்." அவர் கண் கலங்கியிருந்தது. பெரிய போராட்டங்கள் அரசாங்கங்களையே மாற்றும். அதைக் கண்ணால் கண்டவர் அவர். கிடைத்ததைத் தக்கவைப்பதற்கு இப்படித் தினமும் விடியலில் எழுந்து வர வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

சந்தையில் மரியபுஷ்பத்தின் இடத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தார். "தள்ளி இரி ஏட்டி, பஸ்ஸு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு இவர் சட்டியை இறக்கினார். அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாலும் பாதி இடம் விட்டார். மீதிப் பாதிக்கு இன்னும் பஸ் ஓட வேண்டும்.

இனி போகிறவர்களுக்கு: முட்டம், கடியப்பட்டணம் பக்கம் மாலையில் போங்கள், வெயில் தாழ்ந்திருக்கும். மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிடாமல் வராதீர்கள். திரும்பும்போது ஆட்டோ வேண்டாம்; ஒரு ராத்திரி அங்கேயே தங்கி, விடியற்காலைப் பஸ்ஸில் ஏறுங்கள். பெண்கள் இலவசச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், ஆள் கணக்கில் அதுவும் சேரும். வாடை பிடிக்காதவர்கள் ஜன்னலோரம் உட்காரலாம். ஆனால் ஏறிவிடுங்கள். ஒரு மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.